மலைச்சாலையில் பெட்ரோலை மிச்சம் பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளத்துப் புனலூர் வரைக்கும் வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் அன்றாடம் கார் ஓட்டிச் செல்பவர்களில் பலர் எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஸ்டியரிங் பிடித்தவர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த சில மாதங்களில் அவர்களில் யாராவது திரும்பி வந்து, மைலேஜ் கட்டுப்படியாகவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவர்கள் செய்பவை பெரும்பாலும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்களில் பலரும் செய்தவைதான். டயரில் காற்றைச் சரிபார்க்க வேண்டும், டிக்கியில் வேண்டாத சுமை கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லை தாண்டி வந்து பெட்ரோல் போடுவது

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியைச் சேர்த்தது. ஆகவே கேரளப் பதிவு எண் கொண்ட வண்டிகள் புளியரைப் பக்கத்துப் பங்க்குகளுக்கு வருவதில் வியப்பில்லை. எப்படியும் தென்காசிக்கு வர வேண்டியவர் இங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். பெட்ரோலுக்காகவே தென்மலையிலிருந்து மலையேறி இறங்கி வருகிறவரின் கணக்கு வேறு. லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 30 லிட்டருக்கு 150 ரூபாய் மிஞ்சும். போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மலைச்சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு அதற்கே 3 லிட்டருக்கு மேல், அதாவது 300 ரூபாய்க்கு மேல் செலவாகும். ஸ்கூட்டரில் வந்து 5 லிட்டர் போடுகிறவருக்கு 25 ரூபாயைத் தவிர வேறு என்ன மிஞ்சப் போகிறது என்பதை அவரே சொல்ல வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல்

இந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆரியங்காவைத் தாண்டி தென்மலையை நோக்கி இறங்கும்போதும், இந்தப் பக்கம் கோட்டைவாசலிலிருந்து எஸ் வளைவு வழியாகப் புளியரைக்கு இறங்கும்போதும், கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவர்கள் ஏராளம். எங்களிடம் பயின்ற இளைஞர் ஒருவரைத் தென்மலையில் ஒரு தேநீர்க் கடை முன்பு பார்த்தேன். அவருடைய காரின் முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது; பிரேக் பேட் கருகிய நாற்றம் கடைக்குள் வரை அடித்தது. அவரோ கையில் தண்ணீர்ப் பாட்டிலுடன் சக்கரத்தின் அருகே குனிந்துகொண்டிருந்தார். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது நெளியவோ விரிசல் விடவோ கூடும் என்பதால், முதலில் ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினேன். “நியூட்ரல்ல விட்டா ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது அண்ணாச்சி, எங்க அப்பா அப்படித்தான் ஓட்டுவாங்க” என்றார்.

அவருடைய தந்தை ஓட்டியது கார்புரேட்டர் வண்டி. அதில் இன்ஜின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் வரை, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாவிட்டாலும் கொஞ்சம் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அன்று அந்தப் பழக்கத்துக்கு ஆபத்தோடு சேர்ந்து ஒரு நியாயமும் இருந்தது. இன்றைய கார்களில் பெட்ரோலை இன்ஜெக்டர் மூலம் அளந்துவிடுவது கணினிப் பெட்டி. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருப்பதை அது உணர்ந்து பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சுழற்சி ஐட்லிங் அளவை, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் அளவை, நெருங்கும்போதுதான் மறுபடியும் திறக்கும். நியூட்ரலில் தள்ளிவிட்டாலோ, இன்ஜினை அணையாமல் வைத்திருப்பதற்காக அது பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறிய காருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்று கொண்டால், 20 நிமிட இறக்கத்தில் 200 மில்லிலிட்டர் அளவில் வீணாகிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பியவர் கூடுதலாகச் செலவழித்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறார்.

அந்த இளைஞர் நான் சொன்னதை நம்பவில்லை. பிரேக் நன்றாக ஆறிய பிறகு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்துகொண்டேன். இறக்கத்தில் மூன்றாவது கியரில் கால் எடுத்ததும், மீட்டரில் அப்போதைக்கப்போது மைலேஜ் காட்டும் பட்டை கடைசிக் கோடு வரை ஏறி நின்றது. வளைவில்லாத, ஆளில்லாத ஓரிடத்தில் ஒரு நொடி நியூட்ரலுக்கு மாற்றச் சொன்னதும் பட்டை சரிந்தது. அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை.

பெட்ரோலைவிடப் பெரிய செலவு பிரேக்கில் இருக்கிறது. இன்ஜினின் பிடிமானம் இல்லாத வண்டியின் முழு எடையையும் பேடும் டிஸ்க்குமே தாங்க வேண்டியிருப்பதால், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகிறது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அடி வரை போகும், வண்டி நிற்காது. மழைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லாத இந்த வழியில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றாமல் இருப்பதும் இதே தவற்றின் மறுபாதிதான்.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும், சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்கூட்டர்காரர்கள் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கும்போது பின்விளக்கும் எரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு இவர் பிரேக் பிடிப்பதே தெரியாது.

பாரம் ஏற்றிய லாரி ஓட்டுநர்கள் கடைப்பிடிக்கும் பழைய முறையே போதும்: எந்த கியரில் அந்த மேட்டில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மெல்லிய சரிவாக இருந்தால் டாப் கியரே தாராளம்.

ஏற்றத்தில் அரை கிளட்ச்

முன்னால் லாரி ஊர்கிறது என்பதற்காக ஏற்றத்தில் அரை கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பவர்கள், பெட்ரோலோடு கிளட்ச் பிளேட்டையும் எரிக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் அதற்காகத்தான் இருக்கிறது. குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வருகிறவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பாதி ஏற்றத்தில் நிறுத்தப்பட்ட வண்டி மறுபடியும் முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதை, இறங்குகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

சோதனைச் சாவடி வரிசையில் ஓடும் இன்ஜின்

அணைத்துவிடுங்கள், பத்து நொடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அதுவே லாபம்.

ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குவது

மலையில் சரி. தென்காசிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டாம்.

டேங்கை வாய்வரை நிரப்புவது

பங்க்கில் குழாய் தானாக ஒருமுறை நின்றபிறகும், தொகையை முழுதாக்குவதற்காக இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார்கள். டேங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் அந்தப் பெட்ரோல் புகுந்தால், பிறகு வண்டி ஸ்டார்ட் ஆவதிலேயே தகராறு தொடங்கும். மைலேஜ் கணக்குப் பார்ப்பவருக்கும் இதில் ஒரு கேடு உண்டு: ஒரு தடவை வாய்வரை, அடுத்த தடவை முதல் நிறுத்தம் வரை என்று நிரப்பினால் கணக்கு லிட்டருக்கு ஓரிரு கிலோமீட்டர் பிசகும், அந்தப் பிசகைப் பார்த்துத்தான் பலர் நல்ல வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.