முதுகை விடுங்கள், வாயைப் பாருங்கள்: ஸ்பைனோசர்களை இனங்காண ஒரு வழி

அக்காவின் மகன், ஸ்பைனோசரஸ் என்ற டைனோசர் இதுதான் என்று ஒரு படம் கீறிக்கொண்டு வந்தான். முதுகில் கப்பல் பாய் போல ஒன்று விரிந்திருக்கிறது. ஆனால் உடம்பு, அதேபோலப் பாய் உள்ள டைமெட்ரோடனுடையது. அது டைனோசரே இல்லை, பாலூட்டிகளின் பக்கத்துச் சொந்தம். முதுகில் தொடங்கினால் இப்படித்தான் வழுக்கும்.

படி 1: பல்
அல்லோசரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் பல் பாண் வெட்டும் கத்தி மாதிரி: தட்டை, பின்னோக்கிய வளைவு, ஓரத்தில் அரம். இறைச்சியை அரிய அதுதான் வேண்டும். ஸ்பைனோசர்களின், அதாவது ஸ்பைனோசரஸ் குடும்பத்து டைனோசர்களின், பல்லோ கூம்பு. கொட்டியாரக் குடாப் பக்கம் மீன் குத்தும் மண்டாவைப் பார்த்திருந்தால் மேலே படிக்கவே தேவையில்லை. வழுக்கிற மீனை அரிய முடியாது, குத்தித்தான் பிடிக்கவேண்டும். இங்கிலாந்தில் 1983இல் கிடைத்த பாரியோனிக்ஸ் என்ற ஸ்பைனோசரின் வயிற்றுப் பகுதியில் அமிலம் அரித்த மீன் செதில்கள் இருந்தன. கூடவே ஓர் இளம் தாவரஉண்ணி டைனோசரின் எலும்புகளும். ஆக, மீன் மட்டுமே தின்றது என்று எழுதிவிடாதீர்கள்.

படி 2: மூஞ்சி
முதலையைப் போல நீளம், ஒடுக்கம். நுனி கரண்டிபோல அகன்று, அதற்குப் பின்னால் மேல்தாடை உள்வாங்கியிருக்கும். மூக்குத் துவாரம் நுனியில் இராது, பின்தள்ளி இருக்கும்.

படி 3: கை
பெருவிரல் நகத்தைப் பாருங்கள். பாரியோனிக்ஸுக்கு அது வளைவோடு அளந்தால் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர்.

படி 4: இரண்டாகப் பிரிப்பது
திரும்பவும் பல்லுக்கே வாருங்கள். ஓரத்தில் மிக நுண்ணிய அரம் இருந்தால் பாரியோனிக்ஸ் கிளை. நைஜர் நாட்டுச் சுகோமைமஸும் அங்கேதான். அரமே இல்லாமல் நேரான கூம்பென்றால் ஸ்பைனோசரஸ் கிளை. பிரேசிலின் இரிட்டேட்டர் இதைச் சேர்ந்தது. அதன் மண்டையோட்டை விற்றவர்கள் மூஞ்சியைச் சாந்து பூசி நீட்டியிருந்தார்கள். ஆய்வாளர்களுக்கு வந்த எரிச்சல்தான் 1996இல் அந்தப் பெயராயிற்று. எனக்குப் பிடித்த பெயர் அது.

படி 5: கடைசியில் முதுகு
ஸ்பைனோசரஸின் முதுகு முட்கள் 1.65 மீற்றர் வரை உயர்ந்தவை. ஜெர்மன் ஆய்வாளர் ஸ்ட்ரோமர் 1915இல் பெயரிட்ட, எகிப்தில் கிடைத்த அதன் எலும்புகள் 1944இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தன. ஆனால் முட்களை மட்டும் நம்பமுடியாது: தாவரம் தின்ற ஊரானோசரஸ் என்ற டைனோசருக்கும் முதுகு முட்கள் உயரந்தான். பாரியோனிக்ஸுக்கோ அப்படிப் பெரிய பாய் கிடையாது.

மருமகன் இப்போது வாயிலிருந்துதான் கீறத் தொடங்குகிறான். முதுகுக்குத் தாள் போதவில்லையாம்.