சிறிய காருக்குப் பெரிய சக்கரமும் டயரும்: அளந்து மாற்றும் முறை

சிறிய காரின் 14 அங்குல இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அல்லது 16 அங்குல அலாய் வீல் பொருத்த வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் தோற்றத்தில்தான் தொடங்குகிறது. அதில் தவறொன்றும் இல்லை. சரியான அளவைத் தேர்ந்தெடுத்தால் தோற்றத்தோடு வேறு பயனும் கிடைக்கும்: பக்கச்சுவர் குட்டையாவதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் தயங்காமல் திரும்பும், வளைவுகளில் உடல் அலைபாய்வது சற்றுக் குறையும். ஆனால் சக்கரத்தை மாற்றும்போது பிரேக், சஸ்பென்ஷன், வீல் பேரிங், ஸ்பீடோமீட்டர் என அதைச் சார்ந்த பாகங்கள் அனைத்தின் வேலையும் மாறுகிறது. ஆகவே கண்ணுக்குப் பிடித்த வீலை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பொருந்தும் டயரைத் தேடுவது தலைகீழான வழி. முதலில் டயரின் வெளிவிட்டத்தை முடிவு செய்ய வேண்டும்; அடுத்து அந்த டயரைத் தாங்கும் ரிம்மின் அளவுகளை முடிவு செய்ய வேண்டும்; வீலின் வடிவமும் நிறமும் கடைசியில்தான் வர வேண்டும்.

வெளிவிட்டம் மாறக் கூடாது

டயரின் பக்கத்தில் 165/80 ஆர்14 என்று எழுதியிருந்தால், 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கிறது. 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இந்த மூன்று எண்களிலிருந்து வெளிவிட்டத்தை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் அதை இரட்டித்தால் 264 மி.மீ. ரிம்மின் 14 அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 355.6 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 619.6 மி.மீ. கிடைக்கும். புதிய டயரும் ஏறத்தாழ இதே எண்ணைத் தர வேண்டும்.

இதே கணக்கை 185/65 ஆர்15 டயருக்குப் போட்டால் 621.5 மி.மீ. வருகிறது, 195/55 ஆர்16 டயருக்கு 620.9 மி.மீ. வருகிறது. ரிம் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் பெரிதாகியும் தரையிலிருந்து டயரின் உச்சி வரையுள்ள உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, ஏனெனில் ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவர் குறைந்துவிட்டது. மாறாக, எளிதில் கிடைக்கிறது என்பதற்காக 195/65 ஆர்15 டயரை எடுத்தால் வெளிவிட்டம் 634.5 மி.மீ. ஆகிவிடும். இது பழைய டயரைவிட 2.4 சதவீதம் அதிகம். அப்போது முன்பு துல்லியமாக 100 கி.மீ. என்று காட்டிய ஸ்பீடோமீட்டர் அதே 100-ஐக் காட்டும்போது கார் உண்மையில் 102.4 கி.மீ. வேகத்தில் ஓடும். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறையைப் பின்பற்றும் நாடுகளில், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வரும் மீட்டர்கள் பொதுவாகச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைக்கப்படுகின்றன. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. எஞ்சின் ஒவ்வொரு கியரிலும் சற்று அதிக உயரம் கொண்ட சக்கரத்தை உருட்ட வேண்டியிருப்பதால், குறைந்த திறனுள்ள சிறிய கார் ஏற்றத்தில் திணறுவதும் தெரியும். வேறுபாட்டை இரண்டு சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. மூன்று சதவீதத்தைத் தாண்டவே கூடாது.

எத்தனை அங்குலம் கூட்டலாம் என்ற கேள்விக்கு என் பதில், ஒன்று போதும் என்பதே. மேலே உள்ள எடுத்துக்காட்டில் 132 மி.மீ. உயரமாக இருந்த பக்கச்சுவர் 15 அங்குல ரிம்மில் சுமார் 120 மி.மீ. ஆகிறது, 16 அங்குல ரிம்மில் 107 மி.மீ. ஆகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அந்தப் பக்கச்சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அதில் 25 மி.மீ. குறைவது சிறிய காரில் உடனே உணரப்படும்: அதிர்வு இருக்கை வரை வரும், பக்கச்சுவரின் உள்ளிழைகள் அறுந்து வெளியே புடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடும், ரிம் வளைவதும் கீறல் விடுவதும் அதிகமாகும்.

ரிம்மில் பார்க்க வேண்டிய எண்கள்

முதலாவது பிசிடி, அதாவது போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். சிறிய கார்கள் பலவற்றில் இது நான்கு போல்ட்டும் 100 மி.மீ. விட்டமும் கொண்டது. நான்கு போல்ட் உள்ள ஹப்பில், அதாவது காரில் வீல் பூட்டப்படும் நடுப்பாகத்தில், எதிரெதிரே இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையேயான தூரமே பிசிடி என்பதால் நேரடியாக அளந்துவிடலாம். 98 மி.மீ. பிசிடி கொண்ட கார்களும் உள்ளன. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று ஒன்றை மற்றொன்றில் இழுத்துப் பூட்ட முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நட் உள்ளே போய்விடும். ஆனால் அது தன் இருக்கையில் நேராக அமராது, போல்ட் எப்போதும் பக்கவாட்டில் வளைந்தபடியே இருக்கும், ஓட ஓட நட் தளரும்.

அடுத்தது சென்டர் போர், வீலின் நடுத்துளை. டொயோட்டா, சுசுகி, ஹூண்டாய் சிறிய கார்கள் பலவற்றில் ஹப்பின் நடுமுனை 54.1 மி.மீ.; ஹோண்டாவில் 56.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய் வீல்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் அவற்றின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க, வீலின் துளைக்கும் ஹப்பின் முனைக்கும் சரியான அளவில் செய்யப்பட்ட வளையத்தைக் கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் வீல் மையம் விலகி அமர்ந்து, எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீலில் குறை, டயரில் குறை என்று மாறி மாறித் தேடுவதற்கு முன் இந்த வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆஃப்செட்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது. ஹப்போடு ஒட்டும் முகம், ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே அது. வீலின் பின்புறத்தில் ஈ.டி. (ET) 45 என்பது போலப் பொறித்திருப்பார்கள். பழைய ரிம் 5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய ரிம் 6 அங்குலமாகவும் அதே 45 ஆஃப்செட்டாகவும் இருந்தால், கூடுதலான 25.4 மி.மீ. சரிபாதியாகப் பிரிந்து உள்ளேயும் வெளியேயும் 12.7 மி.மீ. வீதம் நீளும். ஆஃப்செட் 38 ஆக இருந்தாலோ முழு வீலும் 7 மி.மீ. வெளியே தள்ளி நிற்பதால், வெளிப்பக்கம் 19.7 மி.மீ. நீளும், உள்பக்கம் 5.7 மி.மீ. மட்டுமே கூடும். உள்ளே அதிகம் போனால் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் தூணிலும் பிரேக் ஹோஸிலும் உரசும். வெளியே அதிகம் வந்தால் மட்கார்டு விளிம்பில் உரசுவதோடு, வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடும். மேடுபள்ளத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டியரிங் கையை இழுக்கும். தொழிற்சாலை ஆஃப்செட்டுக்கு மிக அருகில் இருக்கும் வீலையே தேர்ந்தெடுங்கள். தவறான ஆஃப்செட்டைச் சரிக்கட்ட ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டை வைக்கும் யோசனையைத் தவிர்த்துவிடுங்கள்.

ரிம்மின் அகலமும் டயரின் அகலமும் பொருந்த வேண்டும். 185/65 டயருக்கு 5 முதல் 6.5 அங்குல அகலமுள்ள ரிம்மும், 195/55 டயருக்கு 5.5 முதல் 7 அங்குல அகலமுள்ள ரிம்மும் ஏற்றவை. வீல் எவ்வளவு எடை தாங்கும் என்பதும் பொதுவாக அதன் பின்புறத்தில் கிலோவில் பொறிக்கப்பட்டிருக்கும். முழுச் சுமையில் ஒரு அச்சின் மேல் விழும் அதிகபட்ச எடையில் பாதியைவிட அது குறையக் கூடாது. எதுவுமே பொறிக்காத வீலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

முடிந்தால் பழைய சக்கரத்தையும் புதியதையும் டயரோடு சேர்த்துத் தராசில் நிறுத்திப் பாருங்கள். அலாய் என்றாலே எடை குறைவு என்று நினைப்பது தவறு. வார்ப்பு அலாய் வீல் பெரிதாகும்போது, அது மாற்றிய இரும்பு வீலைவிடக் கனமாகவே இருப்பதும் உண்டு. அந்தக் கூடுதல் எடையைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் சிறிய எஞ்சினும் சிறிய பிரேக்கும்தான்.

டயரைத் தேர்ந்தெடுத்தல்

அளவுக்குப் பின்னால் 88 எச் என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 88 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 85 என்றால் 515 கிலோ, 84 என்றால் 500 கிலோ. எழுத்து வேக வரம்பு: டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210 கி.மீ. இரண்டுமே பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. தயாரிப்பு நாளையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் நீள்வட்டச் சட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

அகலத்தைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். காரின் எடை மாறாமல் டயர் மட்டும் அகலமானால், தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுவது கடினமாகிறது. மழையில் கார் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. அகலமான டயரில் உருளும்போது ஏற்படும் தடையும் பொதுவாகக் கூடுவதால் எரிபொருள் அதிகம் செலவாகும். பிரேக் பிடித்தால் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ரப்பரின் தரமும், தரையைத் தொடும் பள்ளவரிப் பகுதியான ட்ரெட்டின் அமைப்பும்தான். ஆகவே ஒதுக்கிய தொகையில் வீலுக்குக் குறைவாகவும் டயருக்கு அதிகமாகவும் செலவிடுவதே அறிவுடைமை.

பொருத்துதல்

நான்கையும் பூட்டுவதற்கு முன், முன்பக்கம் ஒன்றையும் பின்பக்கம் ஒன்றையும் டயரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைப் பொருத்துமுன் ஸ்ட்ரட்டில் டயருக்கு எதிரே வரும் இடத்தில் பிசைந்த களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவிட்டு, சக்கரத்தை நட்டால் இறுக்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றியபின் களிமண் நசுங்கி எஞ்சிய தடிமனே உங்களுக்கு உண்மையில் உள்ள இடைவெளி. அது ஐந்து, ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த வீல் உங்கள் காருக்கு உரியதல்ல. பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கும் வீலின் ஆரங்களுக்கும் இடையிலும் இதே போலப் பாருங்கள். பிறகு காரைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். காலியான காரில் உரசாதது சுமை ஏறியதும் உரசும்.

நட்டுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சில வீல்களில் நட்டின் முனை கூம்பாகவும், சிலவற்றில் உருண்டையாகவும், சிலவற்றில் வாஷரோடு தட்டையாகவும் அமர வேண்டும். பழைய நட் புதிய வீலில் மரையில் ஏறிவிடும், ஆனால் இருக்கை பொருந்தாவிட்டால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். மரையும் எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல, 12 மி.மீ. போல்ட்டிலேயே சுற்றுக்குச் சுற்று 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட மரையும் 1.25 மி.மீ. இடைவெளி கொண்ட மரையும் உண்டு. நட் போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது உள்ளே பிடித்திருக்க வேண்டும், 1.5 மி.மீ. மரையில் அது எட்டு முழுச் சுற்று. கையாலேயே தொடங்கி எண்ணிப் பாருங்கள்.

ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றியபின் வீலை அமர்த்தி, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இருக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்லப்பட்டாலும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்குவதை அனுமதிக்காதீர்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் சக்கரம் ஆறிய நிலையில் மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது கட்டாயம். புதிய அலாய் வீலின் இருக்கைகள் முதல் ஓட்டத்தில் சற்று அமர்வதால் இறுக்கம் குறைந்திருக்கும்.

காற்றழுத்தத்துக்கு ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள அட்டையையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். சுமைக் குறியீடு குறையாத சாதாரண டயருக்கு அதே அழுத்தம் பொருந்தும். எக்ஸ்எல் (XL, கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று பொறித்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 42 பிஎஸ்ஐ வரை கேட்கும், சாதாரண டயருக்கு அது 36 பிஎஸ்ஐ. ஆகவே எக்ஸ்எல் டயரில் அதே சுமைக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்று வைக்க வேண்டும்.

ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரமாகவே இருந்தால், வெளிவிட்டம் ஒத்திருக்கும்வரை தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அலாய் வீலின் நட் அந்த இரும்புச் சக்கரத்தில் சரியாக அமராமல் போகலாம். அதனால் பழைய நட்டுகள் நான்கையும் ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்கு உள்ளேயே வைத்துவிடுங்கள். சக்கர அளவை மாற்றுவது பற்றி உங்கள் நாட்டின் போக்குவரத்து விதி என்ன சொல்கிறது என்பதையும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

முதல் சில வாரங்கள் கழித்துச் சக்கரக் குழியின் உள்ளுறையைக் கையால் தடவிப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் எங்கோ உரசுகிறது. பிறகு ட்ரெட்டைப் பாருங்கள்: நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.