ஆர் மொழியில் மெமரி எங்கே போகிறது? கண்டுபிடிக்கும் வழி

ராம் 4 ஜிபி, டேட்டா 1 ஜிபிதான். ஆனாலும் பாதி வேலையில் "கேனாட் அலோகேட் வெக்டர்" (எண் வரிசைக்கு, அதாவது வெக்டருக்கு, இடம் ஒதுக்க முடியவில்லை) என்று ஆர் கையை விரித்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி டேட்டா அல்ல, நமக்குத் தெரியாமல் நடுவில் உருவாகும் நகல்கள்தான். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், ஆர்ஸ்டூடியோ என்ற எடிட்டரில் இல்லாமல் வெறும் டெர்மினலில் தட்டுங்கள். ஆர்ஸ்டூடியோவின் என்விரான்மென்ட் பலகையே சில நேரம் கூடுதல் நகலைக் காட்டவைக்கும்.)

படி 1: அளவு பார்ப்பது

எக்ஸ் <- இன்டிஜர்(10000000)
ஆப்ஜெக்ட்.சைஸ்(எக்ஸ்)

64 பிட் கணினியில் 40000048 பைட் என்று வரும். முழு எண்ணுக்குத் தலா 4 பைட், வெக்டரின் தலைப்புக்கு 48. நியூமெரிக் என்றால் தலா 8 பைட்.

படி 2: நகலைப் பிடிப்பது

ட்ரேஸ்மெம்(எக்ஸ்)
ஒய் <- எக்ஸ்
ஒய்[1] <- 5எல்

முதல் வரி, எக்ஸ் நகலாகிறதா என்று கண்காணிக்கச் சொல்கிறது. இரண்டாம் வரிக்கு ஒரு சத்தமும் இருக்காது. இரண்டு பெயரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. மூன்றாவதைத் தட்டியதும் பழைய முகவரி, புது முகவரி இரண்டும் திரையில் வரும். அப்போதுதான் நகல் பிறக்கிறது. பார்த்தாயிற்றா? அன்ட்ரேஸ்மெம்(எக்ஸ்), ஆர்எம்(ஒய்) கொடுத்துத் துடைத்துவிடுங்கள்.

படி 3: உச்சத்தை அளப்பது

முக்கியமான படி இதுதான். ஜிசி என்பது பயன்படாத மெமரியை, அதாவது குப்பையை, அள்ளும் கட்டளை. ரீசெட் கொடுத்தால் உச்ச அளவு புதிதாகத் தொடங்கும்.

ஜிசி(ரீசெட் = ட்ரூ)
எக்ஸ்[1] <- 5
ஜிசி()

இரண்டு ஜிசி கட்டளைக்கும் வரும் அட்டவணைகளில் விசெல்ஸ் (வெக்டர்களுக்கான மெமரி) வரிசையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். யூஸ்ட் சுமார் 38 எம்பி ஏறியிருக்கும், மேக்ஸ் யூஸ்ட் சுமார் 76 ஏறியிருக்கும். ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கா இவ்வளவு? 5 என்று எழுதினால் ஆருக்கு அது தசம எண். அதை உள்ளே வைக்க, ஒரு கோடி எண்களையும் 8 பைட்டுக்கு மாற்றிப் புது வெக்டர் கட்டுகிறது. அது முடியும்வரை பழையதும் மெமரியில் கிடக்கும். 5எல் என்று (எல் போட்டால் முழு எண்) எழுதியிருந்தால் இந்த மாற்றமே தேவையில்லை.

ஒன்று கவனியுங்கள்: மேக்ஸ் யூஸ்ட் எண்ணில் இன்னும் அள்ளப்படாத குப்பையும் சேரும். அதை மேல்வரம்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

படி 4: எந்த வரி?

பெரிய ஸ்கிரிப்ட் என்றால் ப்ராஃப்விஸ் பேக்கேஜுக்குள் அதை ஓட்டுங்கள். இதற்கு ஆர்ஸ்டூடியோ வசதி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மெமரிப் பட்டை தெரியும். இடப்பக்கம் நீளும் பட்டை, விடுவிக்கப்பட்ட மெமரி. அந்த வரிதான் விடுவித்தது என்று நினைக்க வேண்டாம், அது ஓடும்போது குப்பை அள்ளல் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். வலப்பக்கம் நீளமாக இருக்கும் வரியிலிருந்து திருத்த ஆரம்பியுங்கள். லூப்புக்குள் சி() (மதிப்புகளை ஒன்றுசேர்க்கும் கட்டளை) போட்டு வெக்டரை வளர்க்கும் வரி அங்கே மாட்ட வாய்ப்பு அதிகம்.