ஊர்ப் படிப்பகத்தைத் தன்னார்வலர்கள் சீரமைக்கும் முறை

ஊர்ப் படிப்பகத்தைச் சீரமைக்க முன்வருவோர், வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அங்கே நாளிதழ் படிக்கும் பெரியவர்களும் மாலையில் படிக்க வரும் மாணவர்களும் எதற்குச் சிரமப்படுகிறார்கள் என்பதை நேரில் கேட்டறிய வேண்டும்.

ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் அடித்தால் அது விரைவிலேயே கொப்பளித்து உரிந்துவிடும் என்பதால், கூரைக் கசிவையும் குழாய்க் கசிவையும் முதலில் அடைத்து, சுவர் நன்கு காயும் கோடை மாதங்களில் வேலையை வைத்துக்கொள்வதே நல்லது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் நச்சு உலோகமான ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய கதவு, சன்னல் பெயிண்டை உலர்வாகத் தேய்க்காமல், நீர் தெளித்து, என்-95 முகக்கவசம் அணிந்து சுரண்டுங்கள். சிறுவர்களை அந்தப் பக்கமே விடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

விளக்கு படிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருடைய நிழலே புத்தகத்தின் மேல் விழும்; எனவே மேசைக்கு மேலே அதை மாட்டச் சொல்லுங்கள். மின்வேலையை மட்டும் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். சிறுவர் நூல்களுக்கான அலமாரி அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், சாயாதபடி சுவரோடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கட்டும். மீந்த பெயிண்டை, நிறத்தின் எண்ணை டப்பாவின் மேல் எழுதி, நிர்வாகியிடம் கொடுத்துவிடுங்கள்.