தெருவோரம் நிற்கும் பழைய கார்: தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையின் தென்புறநகர்த் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். காம்பவுண்டுச் சுவரோரம் டயர் இறங்கி நின்ற பிரீமியர் பத்மினியைச் சுற்றி மூன்று பையன்கள். ஒருவன் கதவை இழுத்துப் பார்க்கிறான். இன்னொருவன் பானெட்டில் படிந்த தூசியில் விரலால் கோடு போடுகிறான். மூன்றாமவன், நம்பர் பிளேட்டும் வீட்டுக் கேட்டும் தெருப் பெயர்ப் பலகையும் ஒரே படத்தில் விழும்படி பின்னால் நகர்ந்து நகர்ந்து போட்டோ எடுக்கிறான். அந்த மூன்றாவது பையனைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் எடுத்தேன்.

இப்படித் தெருத்தெருவாகப் பழைய கார் தேடிப் போய்ப் படமெடுக்கும் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உச்சி வெயிலில் எடுக்காதே, நாய்க்குப் பயந்து ஓடாதே என்பதெல்லாம் நாலு தெரு சுற்றினால் தானே வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிரில்லைப் பார்த்து வயசு சொல்வது

அம்பாசிடரில் எல்லாரும் விழும் குழி இது. கட்டம்போட்ட சின்ன கிரில்லைப் பார்த்ததும் 60-களின் "மார்க் 2" என்று சொல்லிவிடுகிறோம். அம்பாசிடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்த வண்டி. உடம்பு பெரிதாக மாறவில்லை. அதனால் ஒன்றின் முகம் இன்னொன்றில் பொருந்தும். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் கிரில் வாங்கி 80-களின் வண்டிக்கு 60-களின் முகத்தை மாட்டியவர்கள் நிறைய. முன்னால் பார்த்ததை அப்படியே நம்பாமல் பின்னால் போங்கள். அம்பாசிடருக்கு முன்னால் வந்த லேண்ட்மாஸ்டர் என்று யாராவது சொன்னால் அதற்கும் பின்பக்கம்தான் சாட்சி. அம்பாசிடரின் பின் மட்கார்டு மேலே லேசாகக் கூர்ந்து வால்போல முடியும். லேண்ட்மாஸ்டரில் அது உருண்டையாகச் சரிந்து இறங்கும்.

அப்புறம் நம்பர். 1989-க்குப் பிறகுதான் டி.என். போட்டு எண் சேர்க்கும் முறை வந்தது. அதற்கு முன்னால் நம் மாநிலத்து வண்டிகளில் மூன்று எழுத்து இருக்கும். மெட்ராஸ் மாநிலக் காலத்தது என்றால் எம்-இல் தொடங்கும், தமிழ்நாடு ஆன பிறகு டி-யில் தொடங்கும். கிரில்லை மாற்றுகிறவர்கள் நம்பரில் கை வைப்பது அபூர்வம்.

ஃபியட்டில் இன்னும் சுலபம். முன்கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். 50-களின் ஃபியட் 1100-இல் முன்கதவுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். ஆகவே கைப்பிடி கதவின் முன் ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே வந்துவிடும். அந்த ஃபியட்டின் வழியில் பின்னால் வந்த பத்மினியில் அப்படி இருக்காது.

தூசி இருந்தால் ஆளில்லை என்று முடிவு செய்வது

வீல் கப்பையும் ஸ்டியரிங்கையும் பாருங்கள். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடாத வண்டிதான், ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு கை அதைத் துடைத்துப் பொட்டு வைக்கிறது. முன்கண்ணாடி அடியில் வேப்பிலைச் சருகு மக்கிக் கிடக்கிறதா, அள்ளிப் போட்டிருக்கிறதா என்பதும் அதே கதையைச் சொல்லும். கிழிந்த தேர்தல் பேனர்தான் போர்வை என்றாலும், நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தால் அந்த வண்டியின்மேல் யாரோ அக்கறையோடு இருக்கிறார்கள்.

கதவைத் தொடுவது

தொடாதீர்கள்.

வாய் திறந்ததும் "கொடுப்பீங்களா?" என்பது

முதல் சந்திப்பில் விலை பேசவே கூடாது.

இடத்தைக் காட்டிக்கொடுப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. நாலு கதவு வண்டி. ஹெரால்டு இங்கிலாந்தில் பிறந்ததுதான், ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதுவும் எங்கே? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில். பிறந்த இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அது நின்றதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வீட்டில் ஓர் அம்மா, எழுபது வயதுக்கு மேல். "எங்க வீட்டுக்காரர் வாங்கினது தம்பி. அவர் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இருக்கட்டும்னு விட்டிருக்கேன்" என்றார். காபி கொடுத்தார். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும் அந்த பானெட்டை அவரே திறந்து பார்க்கச் சொன்னார். பக்கவாட்டுக் கொக்கி இரண்டையும் விடுவித்துத் தூக்கினேன். உள்ளே எஞ்சின்மேல் பூனை குட்டி போட்டு வளர்த்த பழைய துணி. பாட்டரி இல்லை. மற்றபடி ஒரு நட்டு கூடக் குறையவில்லை.

அன்று சாயங்காலமே படத்தைப் பழைய கார் ஆர்வலர்களின் குழுவில் போட்டேன். நம்பர் தெரிந்தது, கேட் தெரிந்தது. போதாததற்குத் தெருப் பெயரையும் எழுதினேன். பெருமைதான் காரணம், வேறொன்றுமில்லை. படம் ஒரு குழுவிலிருந்து பத்துக் குழுவுக்குப் போனது. அடுத்த இரண்டு வாரம் அந்த அம்மா வீட்டு மணி ஓயவில்லை. விலை கேட்டு வந்தவர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள், இழுவை வண்டியோடு வந்து நின்ற ஒருவர். ஒருநாள் ராத்திரி ஹெட்லைட் வளையங்களும் பானெட்டில் இருந்த எழுத்துகளும் போயின. தனியாக இருக்கிற அம்மா என்று வெளிநாட்டில் இருந்த மகன் பயந்துவிட்டார். பயந்ததில் என்ன தப்பு? ஃபோனிலேயே பேசி, பழைய இரும்புக்காரரை அனுப்பிவிட்டார்.

சேதி தெரிந்து நான் ஓடியபோது தரையில் எண்ணெய்க் கறையும், டயர் அழுத்திய நாலு பள்ளமும்தான் இருந்தன. ஹெரால்டின் உடம்பு தனித்தனித் துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்த்தது. அடியில் தனிச் சேஸி. ஸ்பானர் இருந்தால் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று கழற்றி எடுக்கலாம். ஒவ்வொரு துண்டும் எங்கோ நிற்கும் இன்னொரு ஹெரால்டுக்கு உயிர் கொடுத்திருக்கும். கேஸ் கட்டர் வைத்து அறுத்திருக்கிறார்கள். எடைக்குப் போட்டுவிட்டார்கள். "நீங்கதானே தம்பி போட்டோ எடுத்தீங்க?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். காபி குடிக்கிறீர்களா என்று அன்றைக்கும் கேட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். நம்பரை மறையுங்கள். எண்ணைத் தட்டினாலே பதிவு விவரம் ஓரளவு வந்துவிடுகிற காலம் இது. சுவர், கேட், மின்கம்ப எண், எதிர்க் கடையின் போர்டு எதுவும் படத்தில் வேண்டாம். ஃபோன் கேமராவில் இடம் பதிவாவதை நிறுத்திவிட்டு எடுங்கள். "தென்புறநகர்" என்பதற்கு மேல் எழுதாதீர்கள். நெருங்கிய நண்பர் கேட்டாலும், வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்கிறவர் அந்த வண்டியின் பக்கத்திலேயே போகாமல் இருப்பது நல்லது.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது

"பழைய வண்டி எல்லாத்தையும் அரசாங்கம் நொறுக்கப் போகுது, இப்பவே கொடுத்துடுங்க" என்று வயதானவர்களிடம் சொல்லி வாங்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களும் விவரம் தெரியாமல் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கிற வண்டிக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவே கொண்டுவந்தது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஆர்.சி. யார் பெயரில் என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பது

பெரும்பாலும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாய் கூட நீட்டாதீர்கள்.

ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடுவது

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் தண்ணீர் ஏறியபோது எத்தனையோ வண்டிகள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் சேற்றோடு சேர்த்து அள்ளப்பட்டவையும் உண்டு. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நடை போய்வாருங்கள். கண்ணாடி ஏற்றியிருக்கிறதா, கீழே செங்கல் முட்டுக் கொடுக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள்.

நான் நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன். மூன்று வருஷமாகப் போய்வரும் ஒரு ஸ்டாண்டர்டு கெசல் (ஹெரால்டுக்கு அடுத்து வந்த வண்டி) இருக்கிறது. முதல் வருஷம் வாசலில் நின்று வணக்கம் சொன்னதோடு சரி. இரண்டாம் வருஷம் அந்த வீட்டுப் பெரியவர் கேட்டுக்கு வெளியே வந்து பேசினார். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் போனபோது நாலு டயரிலும் காற்று இருந்தது, பானெட்டில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. பெரியவர் ஒரு வாளியையும் துணியையும் என்னிடம் கொடுத்து, "பின்கண்ணாடி எனக்கு எட்டல தம்பி" என்றார்.