நீட் மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீட் ரிசல்ட் வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கலந்தாய்வு விண்ணப்பம் போட உதவி வருகிறேன். போட்டோ ஏறவில்லை, இனிஷியல் மாறிவிட்டது என்பதெல்லாம் எல்லோரும் சொல்லும் தவறுகள், திருத்தவும் வழி உண்டு. திருத்த முடியாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். வருடா வருடம் புதிதாக வரும் பெற்றோர் இதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

போன வருட மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது

இத்தனை பேரைப் பார்த்த பிறகும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண். 2024-இல் திருத்திய முடிவுகளுக்குப் பிறகும் 17 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு இயற்பியல் வினாத்தாள் கடினமாக அமைந்தது; 2025-இல் நாட்டிலேயே அதிகபட்ச மதிப்பெண் 686. 2024-இல் 600 எடுத்தவரின் அகில இந்திய ரேங்க் எழுபதாயிரத்தைத் தாண்டியது. 2025-இல் அதே 600-க்கு ரேங்க் 1,300-ஐ ஒட்டி வந்தது. மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் இடம் எங்கேயோ போய்விட்டது.

2025-இல் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவி 540-ஐ ஒட்டி எடுத்திருந்தாள். அவளுடைய அப்பா கையில் இருந்தது 2024-இன் கட் ஆஃப் பட்டியல். அதைப் பார்த்ததும் அரசுக் கல்லூரி கிடைக்காது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மாநிலக் கலந்தாய்வுக்குப் பதிவே செய்யவில்லை. வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒருவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வந்தார். அதற்குள் பதிவு செய்யக் கடைசித் தேதி போய்விட்டது. அவளோடு படித்த, அதே வகுப்பைச் சேர்ந்த, அவளைவிடச் சற்றுக் குறைவாக எடுத்த பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், பிளஸ் டூ மதிப்பெண்ணில் மருத்துவ இடம் கொடுத்த காலத்திலிருந்து. அப்போது 200-க்குக் கட் ஆஃப். ஆண்டுக்கு ஆண்டு பெரிய மாற்றம் இருக்காது. பொறியியல் கலந்தாய்வு இன்றும் அப்படித்தான் நடக்கிறது. நீட்டில் வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்து நூறு மதிப்பெண்கூட ஏறி இறங்கும். எதிர்த்திசையிலும் இதே சேதம்தான். 2023 பட்டியலை நம்பி, 2024-இல் 600-க்கு மேல் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் வேறு எந்த ஏற்பாடும் செய்யாமல் தவித்தார்கள்.

ஒப்பிட வேண்டியது ரேங்க். அரசுக் கல்லூரி இடங்களில் அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு, உங்கள் அகில இந்திய ரேங்கைச் சென்ற ஆண்டு உங்கள் பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்கோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் 85 சதவீதத்துக்கு, மாநிலத் தரவரிசைப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். அதில் உங்கள் வகுப்புக்குள் எத்தனையாவது இடம் என்பதுதான் கணக்கு. அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கலந்தாய்வுக்கும் பதிவு மட்டும் கட்டாயம் செய்துவிடுங்கள்.

கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுவது

மேலே சொன்ன தவறின் தம்பி இது. விருப்பப் பட்டியலில் ஆசைப்படும் கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். வீணாகாது. ரேங்க் வரிசையில் உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தரும். மதுரை வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே ராமநாதபுரத்தை முதலில் போட்டால், மதுரை காலியாக இருந்தாலும் ராமநாதபுரம்தான் வரும். ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள், பட்டியலை நீளமாகவும் போடுங்கள்.

தகுதி பெற்றதை இடம் என்று எண்ணுவது

2025-இல் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144. தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் 1.2 லட்சத்தை ஒட்டி. "பிள்ளை பாஸாகிவிட்டான், சீட் உறுதி" என்று சொல்லும் ஏஜென்ட் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்.

கட்டணம் பார்க்காமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பது

ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கும் கல்லூரிகள் உண்டு. முதலில் கட்டணம், அப்புறம் பட்டியல்.

பாஸ்வேர்டை அடுத்தவரிடம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

7.5 சதவீதத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் தரும் உள் ஒதுக்கீடு இது. பிளஸ் டூ மட்டும் அரசுப் பள்ளியில் படித்தால் போதாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும்.

மாநிலச் சாதிச் சான்றிதழே போதும் என்று இருப்பது

அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி பிரிவில் இடம் கேட்க, மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு கூட்டம் அலைமோதும். தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.