வரப்பில் நின்று பார்த்தால் போதாது: கண்ணையும் நம்பிக்கையையும் வயலில் சரிபார்க்கும் முறை

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதில் மனசின் கோளாறு பாதி, கண்ணின் கோளாறு பாதி. நம் நெல் வயலைக் காலடியில் குனிந்து பார்க்கிறோம். குத்துக்கும் குத்துக்கும் (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) நடுவே சேறும் தண்ணீரும் தெரிகிறது. பக்கத்து வயலைத் தூரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். அங்கே ஒரு குத்தின் இலை அடுத்த குத்தை மறைத்து, இடைவெளியே இல்லாத பச்சையாகத் தெரிகிறது. ஒரே நாளில் ஒரே ரகம் நட்ட வயல்களிலும் இப்படித்தான். சந்தேகம் இருந்தால் அடுத்த வரப்புக்குப் போய், அங்கிருந்து உங்கள் வயலைப் பாருங்கள்.

பார்வையோடு போனால் பரவாயில்லை. அந்தப் பார்வையின் பேரில் சாயங்காலமே யூரியா விழுந்துவிடும். தேவைக்கு மேல் யூரியா விழுந்தால் பயிர் கருத்து இளசாக நிற்கும், இலைச்சுருட்டுப் புழு வரும், மருந்து அடிப்போம், மருந்தில் சிலந்தி சாகும், தின்ன ஆளில்லாமல் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகும். 'இந்த வருஷம் பூச்சி அதிகம்' என்று முதலில் நம்பியது அறுப்புக்குள் நிஜமாகவே ஆகிவிடும். ஆகவே பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு எண்ணிக்கையை நுழைக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு, இலை வண்ண அட்டை (வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்டது), ஒரு நல்ல தராசு, சணல் கயிறு, நான்கு குச்சி இருந்தால் போதும்.

பச்சை எவ்வளவு பச்சை

காலை ஏழு மணிக்கு மேற்கு வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால் வயல் வெளிறித் தெரியும்; வெளிச்சம் இலையை ஊடுருவி வருவதுதான் காரணம். அதே வயலை அதே நேரத்தில் கிழக்கு வரப்பில் நின்று, சூரியனை முதுகுக்கு வைத்துப் பார்த்தால் கருத்துத் தெரியும். பக்கத்தில் கரும்பச்சை வயல் இருந்தால் நம்முடையது மஞ்சள். பக்கத்தில் அறுத்த தாள் கிடந்தால் நம்முடையது செழிப்பு. கண் நிறத்தை அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. ஒப்பிடும் பொருளை மாறாமல் வைத்துக்கொள்ளத்தான் இலை வண்ண அட்டை.

நட்ட வயலில் 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பில் 21-ஆம் நாளிலிருந்து, பூக்கும் வரை வாரம் ஒரு தடவை பாருங்கள். நேரம் காலை 8 முதல் 10 மணிக்குள். வரப்பிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே போய் பத்துக் குத்து. எந்தக் குத்து என்பதைக் கண் முடிவு செய்யக் கூடாது. சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டின் கடைசி எண் 7 என்றால் ஏழு தப்படி வைத்து நின்ற இடத்தில் வலது கால் பக்கத்துக் குத்து. அடுத்த நோட்டுக்கு அடுத்த எண். ஒவ்வொரு குத்திலும் முழுதாக விரிந்த இளம் இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டை மேல் வைத்து, உங்கள் உடம்பின் நிழலில் பாருங்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் 3.5 என்று எழுதலாம்.

வெள்ளைப் பொன்னிக்கும் நேரடி விதைப்புக்கும் அளவு 3. மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால்தான் மேலுரம். ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 12 முதல் 14 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் 26 முதல் 30 கிலோ யூரியா. ஒரு மாவுக்கு (33 சென்ட்) 9 அல்லது 10 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை என்று 45 கிலோவையும் கொட்டுவது சாக்கின் அளவே தவிர பயிரின் அளவு அல்ல.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஒரு வாரம் அப்பா பார்ப்பார், அடுத்த வாரம் மகன் பார்ப்பார். இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. அட்டையைச் செல்போனில் படம் எடுத்துத் திரையில் ஒப்பிடுவார்கள். கேமரா தானாக நிறத்தைத் திருத்திவிடும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டி மஞ்சளடித்த வயலில் அட்டை '3' என்றுதான் காட்டும். அங்கே முதலில் வடிய விட வேண்டும், யூரியா அல்ல. இலையில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகளோடு வெளிறினால் துத்தநாகக் குறையா என்று பாருங்கள். அட்டைக்குத் தழைச்சத்து ஒன்றுதான் தெரியும்.

பயத்தை எண்ணிப் பார்த்தல்

பச்சைக்கு நடுவில் வெள்ளை கண்ணைக் குத்தும். சதுர மீட்டருக்கு 300 கதிர் இருக்கும் வயலில் 2 சதவீதம் வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்) என்றால் சதுர மீட்டருக்கு ஆறு. ஒரு மா, அதாவது 33 சென்ட், ஏறத்தாழ 1,335 சதுர மீட்டர். மாவுக்கு எட்டாயிரம் வெள்ளைக் கதிர். வரப்பில் நிற்பவருக்கு அந்த எட்டாயிரம்தான் தெரிகிறது, மிச்சம் 98 சதவீதம் தெரிவதில்லை. 'வயலே போச்சு' என்று கடைக்கு ஓடுவது இங்கிருந்துதான்.

மேலே சொன்ன நோட்டு எண் முறையிலேயே பத்துக் குத்தைப் பிடித்து, மொத்தக் கதிரையும் வெண்கதிரையும் தனித்தனியாக எண்ணுங்கள். 120-க்கு 2 என்றால் 1.7 சதவீதம், பூக்கும் பருவத்தில் தண்டு துளைப்பானுக்குச் சொல்லும் பொருளாதாரச் சேத நிலையான (அதைத் தாண்டினால்தான் மருந்துச் செலவு தகும்) 2 சதவீதத்துக்குள்தான் இருக்கிறீர்கள். வெண்கதிரை இழுத்துப் பாருங்கள்: சுலபமாகக் கையோடு வந்தால் தண்டு துளைப்பான், வராமல் கழுத்தில் கருத்திருந்தால் குலைநோய் என்ற பூஞ்சை நோய், அதற்குப் பூச்சிமருந்து அடித்து ஒன்றும் ஆகாது. வெளுத்துவிட்ட கதிர் எதை அடித்தாலும் திரும்பாது என்பதையும் மருந்து வாங்குமுன் நினைத்துக்கொள்ளுங்கள்.

இலைச்சுருட்டுப் புழுவுக்கு இந்தச் சேத நிலை, தூர் (பக்கத் தண்டு) கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். இளம்பயிர் போன இலைக்குப் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். கண்ணாடி இலை போனால்தான் மணி பிடிப்பதில் குறையும்.

புகையான் இதற்கு நேர் எதிர். அது வரப்பிலிருந்து தெரியவே தெரியாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டின் அடியில் இருக்கும். குத்தைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். பத்துக் குத்தில் 150 தூர் இருந்தால், சிலந்தி இல்லாத வயலில் 150 புகையான் வரை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் 300 வரை பொறுக்கலாம். நாற்பது பூச்சி மிதப்பதைப் பார்த்துப் பதறுபவர் சிலந்தியை எண்ணுவதில்லை. எண்ணிக்கை நெருங்கினால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளும் குயினால்பாஸும் புகையானைத் திரும்பப் பெருக்கிவிடும் என்பதால் அவற்றைத் தொட வேண்டாம்.

நம் காவிரி டெல்டா மட்டும் இப்படி என்று இல்லை. வியட்நாமின் மீகாங் டெல்டாவில், இலையில் ஓட்டை விழுந்தாலே மகசூல் போய்விடும் என்ற நம்பிக்கையில் இளம்பயிருக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் ஆராய்ச்சியாளர்கள் அதை மறுத்து வாதாடவில்லை. முதல் 40 நாளுக்கு மருந்து வேண்டாம், நம்பாவிட்டால் வயலில் ஒரு துண்டை மட்டும் அடிக்காமல் விட்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். ஒப்பிட்டவர்கள் மருந்தடிப்பதைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். அடுத்தவர் சொல்லி நம்பிக்கை போகாது, சொந்தத் துண்டில் பார்த்தால்தான் போகும்.

டானிக் வேலை செய்ததா

பயிர் டானிக் அடித்தோம், நல்லா வந்தது. அடிக்காமல் இருந்தால் எப்படி வந்திருக்கும்? அது தெரியாதவரை முதல் வாக்கியத்துக்கு அர்த்தமில்லை. சில டானிக்கில் இருக்கும் தழைச்சத்தோ இரும்போ ஒரு வாரத்தில் இலையைக் கருக்க வைத்துவிடும். மகசூலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆறு ஜோடிப் பட்டைகள் போடுங்கள். ஒவ்வொரு பட்டையும் இரண்டு மீட்டர் அகலம், நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி; இல்லாவிட்டால் சாரல் அடுத்த பட்டைக்குப் போகும். மடையிலிருந்து கடைசி வரை தண்ணீர் ஓடும் திசையிலேயே பட்டை போக வேண்டும். குறுக்கே போட்டால் மடைக்கு அருகில் வண்டல் விழும் பட்டை எப்போதும் ஜெயிக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பட்டைக்கு டானிக் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். மற்றதற்கு வெறும் தண்ணீரை அதே ஸ்பிரேயரில், அதே நாளில் அடிக்க வேண்டும். ஸ்பிரேயரை முதலில் மூன்று தடவை கழுவிவிடுங்கள். எது எதில் போனது என்ற சீட்டு வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அறுத்து எடை போடுபவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தாளில் தங்கிய மணியை ஒரு பக்கம் பொறுக்குவார், மறுபக்கம் விட்டுவிடுவார். ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

பட்டையின் நடுவில் 2 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 5 சதுர மீட்டர் அறுத்து, அடித்து, காயவைத்து எடை போடுங்கள். மூன்று கிலோ சுமாருக்கு வரும். ஆறு ஜோடியிலும் டானிக் பக்கமே கூடியிருந்தால், வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வர 64-ல் ஒரு வாய்ப்புதான். நான்குக்கு இரண்டு என்று வந்தால் டப்பாக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நாக்குக்கும் இதே வைத்தியம் உண்டு. இயற்கை உரத்தில் விளைந்த அரிசிச் சோறு தனி ருசி என்பவருக்கு மூன்று தட்டு வையுங்கள்: இரண்டில் ஒரே சோறு, ஒன்றில் மற்றது, வரிசையை வேறொருவர் மாற்றி மாற்றி. வித்தியாசமான தட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். ஆறு சுற்றில் குறைந்தது ஐந்து சரியாக இருந்தால் நாக்கு நிஜமாகவே கண்டுபிடிக்கிறது. மூன்று சரி என்பது குருட்டாம்போக்கிலும் வரும். இரண்டு அரிசியும் ஒரே ரகம், ஒரே பழசு, ஒரே மாதிரி புழுங்கல், ஒரே பாத்திரம், ஒரே சூடு. பழைய அரிசியையும் புது அரிசியையும் வைத்தால் உதிரியாக இருப்பதை வைத்தே சொல்லிவிடுவார்கள்; அது உரத்தின் ருசி அல்ல.

நினைவை எழுதி வைத்தல்

'மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்துவிடுவார்கள்' என்பது டெல்டாவின் நாட்காட்டியிலேயே ஊறிப்போன விஷயம். 2020, 2021, 2023-ல் அப்படித்தான் திறந்தார்கள். 2022-ல் மே 24. 2024-ல் ஜூலை 28. நினைவில் ஜூன் 12 மட்டும் நிற்கும், விலகியவை 'அந்த ஒரு வருஷம்' ஆகிவிடும். குறுவை நாற்றங்கால் நாளை நினைவை நம்பிக் குறிக்காமல், கடைசிப் பத்து வருஷத் தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிப் பார்த்துக் குறியுங்கள்.

மழைக்கும் அதே கதை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவை, மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து எழுதிக் கொட்டுங்கள். வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் மழை நாள். தண்ணீர் பாட்டிலை வெட்டி வைத்தால் அடியில் இருக்கும் வளைவுகள் கணக்கைக் கெடுக்கும். கூழாங்கல் போட்டு, நேர்ப் பகுதி தொடங்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து அளக்க வேண்டும்.

அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் மகசூல் எவ்வளவு வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாவிட்டால் அறுத்தபின் 'நான் அப்பவே சொன்னேன்' என்பார்கள் எல்லாரும். பிறகு ரூபாய் நோட்டு எண்ணால் இடம் பிடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுங்கள். கயிற்றின் மேலேயே நிற்கும் குத்துகளில் ஒன்று விட்டு ஒன்றைச் சேருங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு ஊதிவிடும். 15 கிலோ என்றால், 53.4-ஆல் பெருக்கி மாவுக்கு 800 கிலோ. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் இது 20; ஊரில் பேசும் 60 கிலோ மூட்டையில் 13. டீக்கடையில் இரண்டு பேர் மகசூலைப் பற்றிச் சண்டை போட்டால் முதலில் யாருடைய மூட்டை எத்தனை கிலோ என்று கேளுங்கள். ஈரப்பதத்தையும் கேளுங்கள்.

கடைமடையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தண்ணீர் வராத நாளெல்லாம் நினைவில் இருக்கும், வந்த ராத்திரி தூங்கிப் போயிருப்போம். அதனால் மேல்மடைக்காரர் திருடுகிறார் என்பது சீக்கிரம் உறுதியாகிவிடும். அவர் திருடவும் செய்யலாம். எதுவானாலும், சென்டிமீட்டர் கோடு போட்ட குச்சியை வாய்க்காலில் நட்டு, முறைத் தண்ணீர் காலம் முழுக்கக் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டத்தை எழுதுங்கள். மேல்மடையில் இருப்பவரிடமும் அதே மாதிரி ஒரு குச்சி, ஒரு நோட்டு. குச்சியை மதகை ஒட்டி நடாதீர்கள், அங்கே தண்ணீர் சுழித்து மட்டம் தப்பாகக் காட்டும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, கரை நேராகப் போகும் இடத்தில், வெங்காயத்தாமரை சிக்காதபடி நடுங்கள்.